முதலாளியின் விரல்

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் ஆட்டோ ஓட்டும் வேலம்மாளிடம், ஆட்டோ ஆப் கம்பெனி முதலாளி மனோகரன் கறாராகச் சொல்லிவிட்டார். "மதியத்துக்குள்ள நூறு பேர் போன்ல நம்ம ஆப்பை ஏத்தணும். இல்லேன்னா உனக்கு இனிமே சவாரி கிடையாது."

சந்தையில் ஒருத்தரும் ஆப்பை ஏற்றவில்லை; போனிலிருக்கும் போட்டோ, நம்பரையெல்லாம் பார்க்க அது அனுமதி கேட்டது. "ஆட்டோல ஏறுறதுக்கு என் போட்டோவெல்லாம் எதுக்கு?" என்றார் வெங்காயக் கடைக்காரர்.

ஆப் விளம்பரத்துக்காகச் சந்தை நடுவே பெரிய திரையோடு போட்டிருந்த மேடையில், மனோகரன் கோட்டைச் சரிசெய்துகொண்டு ஏறினார். "ஒளிக்க ஒண்ணுமில்லாதவங்க எதுக்குப் பயப்படணும்?"

வேலம்மாள் பவ்யமாக எழுந்தாள். "நீங்களே உங்க போன்ல ஏத்திக் காட்டுங்க சார். பெரிய திரையில பார்த்தா எங்களுக்கும் தைரியம் வரும்."

அதுவரை அவர் போனில் அந்த ஆப் இல்லை என்பது தனிக்கதை. ஏற்றினார். "உங்கள் போட்டோக்களைப் பார்க்கலாமா?" என்று அது கேட்டது. பேச்சு மும்முரத்தில், பழக்கதோஷத்தில், அவர் விரல் "வேண்டாம்" என்பதை அழுத்தியது. போன் நம்பர்களையெல்லாம் கேட்டது. அதற்கும் "வேண்டாம்". உடனே திரையில் கொட்டை எழுத்தில் விழுந்தது: "மன்னிக்கவும், உங்களுக்கு ஆட்டோ கிடையாது."

சந்தையே சிரித்தது.

"அந்தக் கேள்விகளை எடுத்துட்டு வாங்க சார், நூறு பேரை நானே சேர்த்துத் தர்றேன்," என்றாள் வேலம்மாள். "இப்ப என் வண்டியில ஏறுங்க. எங்க போகணும்னு மட்டும் சொன்னா போதும். இறக்கிவிட்டதும் அதையும் மறந்துடுவேன்."