அரைகுறைக் கூட்டில் அப்பிய மண்

அந்தக் காலத்தில், பறவைகள் மனிதர்களைப் போலவே பேசி, மனிதர்களைப் போலவே ஒருவரையொருவர் குறையும் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு கம்மாய்க் கரையில் ஒற்றைப் பனை நின்றது. அந்தப் பனையில் சடையன் என்ற தூக்கணாங்குருவியும் அவன் பெண்டாட்டி மூக்காயியும் குடியிருந்தார்கள். குடியிருந்தார்கள் என்று சொல்வதுகூடத் தப்புதான். குடியிருக்க ஒரு கூடு முழுசாக இருந்தால்தானே? பாதி பாதியாக ஏழு கூடுகள் தொங்கின.

உடனே "சோம்பேறிப் பய" என்று வாயைத் திறக்காதீர்கள், எனக்குக் கெட்ட கோபம் வரும். விடிந்தது முதல் அடைகிற வரைக்கும் சடையன் பறந்த பறப்பை அந்தக் கம்மாயில் வேறு எவனும் பறந்ததில்லை. அவன் சங்கதி வேறு. நெல்லுத்தாளைக் கிழிக்கப் போவான். கிழிக்கும்போதே, காற்று மேற்கே இருந்துதானே அடிக்கிறது, வாசலைக் கிழக்கே திருப்பினால் என்ன என்று தோன்றும். திருப்புவதென்றால் நீளமான நார் வேண்டும். அது கரும்புத் தோட்டத்தில் இருக்கிறது. அங்கே போனால் தோகை மேல் பனித்துளி உருண்டு ஓடும். மழையும் இப்படி ஓடிப்போனால் கூடு நனையாதே என்று பின்னலையே மாற்ற நினைப்பான். இப்படி இரண்டு மூன்று நல்ல யோசனையோடும் வாயில் ஒரு நாரோடும் திரும்பி வந்தால், எந்தக் கூட்டில், பின்னலின் எந்தக் கண்ணியில் விட்டோம் என்பது மட்டும் சுத்தமாக மறந்திருக்கும். தான் கட்டின கூட்டையே அசலார் வீட்டைப் பார்ப்பதுபோலப் பார்ப்பான். தேடித் தேடி அலுத்துப்போய், பக்கத்து ஓலையில் புதிதாக ஒன்றை ஆரம்பிப்பான்.

அந்த வருஷம் மூக்காயிக்கு வயிறு கனத்துவிட்டது.

"இந்தாங்க, இன்னும் நாலு நாளுதான் தாங்கும். மானமும் கறுத்துக்கிட்டு வருது. முட்டையை எங்கிட்டு வைக்கச் சொல்றீக?" என்று கேட்டாள்.

"இந்தா முடிஞ்சிருச்சு புள்ள, இன்னைக்குச் சாயந்தரத்துக்குள்ள முடிச்சிருவேன்" என்றான் சடையன். அவன் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் அப்படித்தான் நம்பினான்.

விஷயம் கொக்கின் காதுக்குப் போனது. கொக்குதான் அந்தக் கம்மாய்க்கு நாட்டாமை. என்ன தகுதி என்று கேட்டால், அசையாமல் நிற்கிறதாம். மீனுக்காக நிற்கிற நிலைக்குத் தவம் என்று பேர் வைத்து ஊரே கும்பிட்டது. தவமாம் தவம்! அந்தத் தவத்தில் எத்தனை கெண்டை உள்ளே போனது என்று ஒருத்தனும் கேட்கவில்லை.

கொக்கு பனையடிக்கு வந்து, கழுத்தை நீட்டி மேலே பார்த்தது.

"ஏண்டா சடையா, ஏழு ஆரம்பிச்சிருக்க, ஒண்ணையாச்சும் முடிச்சியா? உனக்கு அரைகுறைன்னு பேரு வச்சிருக்கணும்டா."

கூட வந்த மைனாக்கள் சிரித்தன. சாயங்காலத்துக்குள் அதுவே அவன் பேராகிவிட்டது.

"மழைக்கு முந்தி ஒரு கூடு முழுசா முடியணும். முடியலையா, பனையை விட்டு ரெண்டு பேரும் இறங்கிருங்க. கட்டத் தெரிஞ்சவன் வந்து கட்டிக்கிரட்டும்" என்று தீர்ப்புச் சொன்னது கொக்கு.

"முடிக்கணும்னுதான் அய்யா பாக்குறேன். நெனப்பு நிக்க மாட்டேங்குது."

"நிக்க மாட்டேங்குதா? நிக்கப் பழகு. நாளைக்கு வந்து என் பக்கத்துல ஒத்தக் கால்ல நில்லு. ஒரே இடத்தைப் பாரு. எல்லாம் சரியாப் போயிரும்."

இருந்த நாலு நாளில் ஒரு நாள் அப்படி வீணாய்ப் போனது. விரல் நீளம்கூட இல்லாத காலை வைத்துக்கொண்டு, வயிறு நனையத் தண்ணீரில் நின்றான் சடையன். ஒரே இடத்தைப் பார்த்தான். அந்த இடத்தில் ஒரு தட்டான் வந்து உட்கார்ந்தது. அதைப் பார்க்காமல் இருக்க அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். பட்ட பாட்டில் கால் வழுக்கி, மூக்கு முட்டச் சேற்றில் விழுந்தான்.

"மனசு வச்சா முடியும். உனக்கு மனசு இல்ல" என்றது கொக்கு, வாயில் இருந்ததை விழுங்கிக்கொண்டே.

மனசு இல்லையாம்! அவனுக்கு இருந்தது ஒரு மனசு இல்லை ஐயா, ஒன்பது மனசு. அதுதான் அவன் பாடு.

அழுகையும் ஆத்திரமுமாகப் பனைக்குத் திரும்பினான். வாயெல்லாம் களிமண். கண்ணில் முதலில் பட்ட கூட்டுக்குள் புகுந்து, பின்னல் நின்றுபோன விளிம்பிலேயே அந்த மண்ணைத் துப்பி அப்பினான். "அரைகுறைதான்டா! இந்தா, முத்திரையும் குத்திட்டேன், போ!" என்று கொக்கு இருந்த திசையைப் பார்த்துக் கத்திவிட்டு, நார் எடுக்கப் பறந்தான்.

போன இடத்தில் வழக்கம்போல யோசனைகள் வந்தன. வழக்கம்போல மற்றதெல்லாம் மறந்தது. ஆனால் திரும்பி வந்து பார்த்தால், ஏழு கூட்டில் ஒரே ஒரு கூட்டில் மட்டும் பச்சை நாருக்கு நடுவே கறுப்பாக ஒரு மண்கட்டி.

"அட, இங்கனதானே கோவப்பட்டேன்!"

மண்ணுக்குப் பக்கத்துக் கண்ணிக்குள் அலகு தானாகப் போய் நுழைந்தது. விட்ட இடம் கிடைத்துவிட்டது. அதன்பிறகு எழுந்து பறக்கிறபோதெல்லாம் வேலையை விட்ட இடத்தில் ஒரு வாய் மண்ணை அப்பிவிட்டுப் பறந்தான். நினைப்பு ஊரைச் சுற்றிவிட்டு வரட்டும், மண் வைத்த இடத்தில்தானே இருக்கும்! இரண்டே நாளில் கூடு கவிழ்த்த சட்டி மாதிரி உருண்டு வந்துவிட்டது. மூக்காயி உட்கார நடுவில் ஒரு குறுக்கு நாரும் ஓட்டிவிட்டான். முட்டைக் குழியும் வாசல் குழாயும்தான் பாக்கி.

நாலாம் நாள் காலையில் கொக்கு பார்வையிட வந்தது. சடையன் நாருக்குப் போயிருந்தான். ஓலையில் உட்கார்ந்து கூட்டுக்குள் எட்டிப் பார்த்த கொக்குக்கு முகம் சுருங்கியது.

"கூட்டுல என்ன இது மண்ணு, அசிங்கமா? நெனப்புல வச்சுக் கட்டினாத்தான் கூடு. அடையாளம் வச்சுக் கட்டுறது கள்ளாட்டம்."

சொல்லிக்கொண்டே நீட்டு அலகால் மண்ணை ஒன்று விடாமல் சுரண்டிக் கீழே தள்ளியது. மூக்காயி "வேணாம், வேணாம்" என்று கத்தியது அதன் காதில் ஏறவில்லை.

சடையன் வந்தான். வாயில் நார். மண்ணைத் தேடினான். ஏழு கூட்டையும் மாறி மாறிப் பார்த்தான். உருண்டு நின்ற கூடுகூட அசலார் வீடு மாதிரித்தான் தெரிந்தது; எந்தக் கண்ணியில் விட்டோம் என்று பிடிபடவில்லை. பிறகு பக்கத்து ஓலைக்குப் போய், எட்டாவது கூட்டுக்கு முதல் முடிச்சைப் போட ஆரம்பித்தான்.

அதைப் பார்த்ததும் மூக்காயி கொக்கின் பக்கம் திரும்பினாள். முதல் மழைத்துளி அவள் முதுகில் விழுந்தது.

"பெரியவரே, நில்லுங்க. உங்க கண்ணு ஒரு இடத்துல நிக்கும், எங்க வீட்டுக்காரர் கண்ணு நிக்காது. அதுக்கு அவரே பாவம் ஒரு வழியைக் கண்டுபிடிச்சா, அதைப் பிடுங்கிப்போட உங்களுக்கு என்ன வந்துச்சு? நொண்டி ஊனியிருந்த கம்பைப் பிடுங்கிட்டு, இப்ப நடடான்னு சொல்லுவீகளா? உங்க கூட்டையும் நான் பாத்திருக்கேன். நாலு குச்சி! கீழ நின்னா முட்டை தெரியுது. அதுக்குப் பேரு முழுக்கூடு, இதுக்குப் பேரு அரைகுறையா?"

மூக்காயி விறுவிறுவென்று பாதிக் கூட்டுக்குள் ஏறி, குறுக்கு நாரில் அழுத்தி உட்கார்ந்தாள்.

"ஏங்க, இங்கிட்டுப் பாருங்க! எனக்கு இந்த அரைகுறைதான் பிடிச்சிருக்கு. இதுலதான் ஒக்காந்திருக்கேன், எந்திரிக்க மாட்டேன். நீங்க எங்க வேணாலும் போங்க, என்ன வேணாலும் யோசிங்க. திரும்பி நான் இருக்கிற இடத்துக்கு வந்து சேருங்க. வரும்போது வாய் நிறைய மண்ணு கொண்டாங்க!"

சடையன் எட்டாவது கூட்டின் முடிச்சை அப்படியே விட்டுவிட்டுப் பறந்தான். போனான், வந்தான். வந்தபோதெல்லாம் அவள் அங்கேதான் இருந்தாள். மண்ணை அப்பினான், விட்ட கண்ணியைப் பிடித்தான், பின்னினான். மழை வலுப்பதற்கு முன் வாசல் குழாயின் கடைசி நாரை இழுத்து விட்டான். அன்றைக்கே மூக்காயி முட்டையிட்டாள். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. கொக்கின் நாலு குச்சியில் இரண்டைக் காற்று கொண்டுபோனது. அதைப் பற்றிக் கேட்க ஊரில் ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. நாட்டாமை ஆயிற்றே!

இப்போது தூக்கணாங்குருவிக் கூட்டில் மண்ணைப் பார்த்துவிட்டு, வெளிச்சத்துக்கு மின்மினிப் பூச்சியைப் பிடித்து அதில் ஒட்டிவைக்கும் என்று கதை கட்டுகிறார்கள். விளக்கும் இல்லை, வெங்காயமும் இல்லை. அது, விட்ட இடத்தைத் தொலைக்காமல் இருக்க ஒருவன் ஆத்திரத்தில் கண்டுபிடித்த அடையாளம். அன்று முதல்தான் தூக்கணாங்குருவி பாதிக் கூட்டிலேயே மண்ணை அப்பிவைக்கிறது. பெட்டையும் அந்த அரைகுறைக்குள் ஏறி உட்கார்ந்து பார்த்து, "இது போதும், எனக்குப் பிடிச்சிருக்கு" என்று சொன்ன பிறகுதான் அது மீதியைக் கட்டி முடிக்கிறது.