தட்டில் ஏறிய எண்

ஒரு ஊரில் ஒரு தட்டு நிறையத் தண்ணீர் இருந்தது. அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்க ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குரு ஜெனிட்டாவுக்கு வயது முப்பத்தாறு. சீடர் சுயம்புலிங்கத்துக்கு ஐம்பத்திரண்டு. காலையில் ஆய்வுக்கூடம், பத்து மணிக்கு மேல் கல்லூரியில் வேதியியல் வகுப்பு எடுப்பது என்று இருந்தவர்.

உயிரணுவைச் சுற்றியிருக்கும் சவ்வு கொழுப்பாலானது. புற்றுநோய் அணுவின் சவ்வைப் போலவே ஒரு மெல்லிய படலத்தை அந்தத் தண்ணீர்மேல் விரிப்பார்கள். அடியில் ஒரு கொழுப்பு மருந்தை ஊசியால் செலுத்துவார்கள். மருந்து படலத்துக்குள் நுழைந்தால் திரையில் எண் ஏறும். அவ்வளவுதான் வேலை.

"மேடம், இன்னைக்கும் ஏறிட்டு," என்றார் சுயம்புலிங்கம். "பதினோரு நாள் ஆச்சு. இசக்கிகிட்டயும் சொல்லிட்டேன்."

இசக்கியம்மாள் அவர் மனைவி. அவளுக்கு அந்த நோய்தான்.

"என்ன சொன்னீங்க சார்?"

"மருந்து உள்ள போகுதுன்னு. அன்னைக்கு ஒரு இட்லி கூடுதலாச் சாப்பிட்டா."

ஜெனிட்டா நோட்டைப் புரட்டினார்.

"நடுவுல மூணு நாள் ஏறலையே."

"மருந்து கெட்டிருக்கும்னு அதைக் கோடு போட்டு அடிச்சுட்டேன்."

"அந்த மூணு நாள் மட்டும் என்ன மாறுச்சு? வீட்டுல ஏதாவது?"

"அவ ஆஸ்பத்திரியில இருந்தா. தங்கச்சிக்காரி கூட இருந்து பாத்துக்கிட்டா."

ஜெனிட்டா எழுந்தார். தட்டைக் கழுவினார். வெறும் தண்ணீரை ஊற்றினார். படலம் இல்லை, மருந்து இல்லை. திரையில் பூஜ்யம்.

"புதுக் கையுறை மாட்டிட்டு வாங்க சார். எப்பவும் மாட்டுற மாதிரி."

மாட்டிக்கொண்டு வந்தார்.

"ஒரு விரலைத் தண்ணில வைங்க."

வைத்தார். எண் ஏறியது.

ஜெனிட்டா அவர் கையைப் பார்த்தார்.

"காலையில கையில என்ன இருந்துது?"

"தேங்காயெண்ணெய்," என்றார் மெதுவாக. "ஆஸ்பத்திரியில மருந்து ஏத்துனதுலேர்ந்து அவளுக்கு உள்ளங்கால் எரியும். தடவிவிட்டுட்டுத்தான் பஸ் ஏறுதேன். சோப்புப் போட்டுக் கழுவத்தான் செய்யுதேன் மேடம்."

"அந்தக் கையாலதானே கையுறையை இழுத்து மாட்டுறீங்க. எண்ணெயும் கொழுப்புதான், துளி பட்டாலே தண்ணிமேல பரவி எண் ஏறிடும்."

"கையைக் கழுவிட்டு வாங்கடேன்னு முப்பது வருஷமாப் பிள்ளைகளை விரட்டுதவன் நான்." சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. "அப்போ மருந்து உள்ள போகவே இல்லையா?"

"எண்ணெய் படாத அந்த மூணு நாளும் போகல."

"அவகிட்ட என்ன சொல்ல?"

"நடந்ததை."

சுயம்புலிங்கம் பேனாவை எடுத்தார். அடித்திருந்த மூன்று நாளையும் திரும்ப எழுதினார். மற்றப் பதினோரு நாளுக்கும் பக்கத்தில் 'எண்ணெய்' என்று எழுதினார். பதினோரு தடவை.

"இனிமே தடவாம வந்துடுதேன்," என்றார்.

"தடவினா தூங்குறாங்களா?"

"ரெண்டு மணி நேரம் தூங்குவா."

"அப்போ தடவுங்க. தட்டை இனி நான் தொடுறேன், நீங்க எழுதுங்க. நோட்டுல எண்ணெய் பட்டாப் பரவாயில்ல சார்."

அவர் கல்லூரிக்குப் போனில் லீவு சொன்னார். பையை எடுத்துக்கொண்டு, வீட்டுப் பக்கம் போகும் பஸ் நிற்கிற இடத்தைப் பார்த்து நடந்தார்.