கூடப்பிறந்ததை மறைத்த கதை

சங்கரன்கோவிலில் வலைத்தளம் செய்துதரும் கடை ஒன்று உண்டு. பலகையில் ‘மூன்று மூளை’ என்று எழுதியிருக்கும். அந்த எண்ணிக்கை கொஞ்சம் கூடுதல் என்று முதலாளி ஆவுடையப்பனே ஒப்புக்கொள்வான். மற்ற இரண்டு மூளைகள் பூவலிங்கமும் உக்கிரபாண்டியும்.

ஆவுடையப்பனின் தங்கை கோமதிக்குக் கல்யாணம். இணையத்தில் போடும் அழைப்பிதழ்ப் பக்கம் இவர்கள் கைவேலை.

“என் படத்தைத் தொட்டா பக்கத்துல இருக்க பூவெல்லாம் மறையணும்ணே. அப்புறம், என் கையில பொரியிடுத நேரத்துக்கு வந்திரு. எனக்குக் கூடப்பிறந்தவன் நீ ஒருத்தன்தான்” என்றாள் கோமதி.

ஆவுடையப்பன் உக்கிரபாண்டியிடம், “பக்கத்துல இருக்கதை மறைச்சிருல” என்றான். அவனும் சொன்னதைச் செய்தான். படத்தைத் தொட்டதும் பக்கம் முழுக்க வெள்ளையாகிவிட்டது.

“பக்கத்துல இருந்ததுல ஒண்ணு மிச்சமில்ல அண்ணாச்சி” என்றான் பெருமையாக.

பூவலிங்கம் வலைப்பக்கத்தை ஆட்டிவைக்கும் ‘ஜேக்வெரி’ நிரல் படித்தவன். அதில் ‘சிப்ளிங்ஸ்’ என்று ஒரு கட்டளை. ஒரு படத்தைக் காட்டினால், அதே பெட்டிக்குள் கூட இருக்கும் மற்றதையெல்லாம் உடன்பிறப்பு என்று பிடித்துத் தரும். அதைப் போட்டார்கள். பூ மறைந்தது. மாப்பிள்ளையும் மறைந்தார்.

“மாப்பிள்ளை ஏம்ல மறையுதாரு?”

“உடன்பிறப்புல்லா?” என்றான் பூவலிங்கம்.

“யாருக்கு?”

“நம்ம கோமதிக்குத்தான். ரெண்டு படமும் ஒரே பெட்டிக்குள்ள. பெட்டிதான் தாய்.”

ஆவுடையப்பனுக்கு வியர்த்துவிட்டது. “ஐயையோ! நாளைக்கழிச்சு முகூர்த்தம். அண்ணன் தங்கச்சிக்கா தாலி கட்டப் பார்த்தோம்?”

“பதறாதிய அண்ணாச்சி. மாப்பிள்ளையை வேற பெட்டியில வைப்போம். பூவையும் தூக்கிருவோம், பூ எப்படிக் கூடப்பிறக்கும்? நெசமா கூடப்பிறந்தது நீங்கதான்.”

கோமதியின் பெட்டியில் ஆவுடையப்பன் படம் ஏறியது. இப்போது அவளைத் தொட்டால் மாப்பிள்ளை நின்றார், அண்ணன் மறைந்தான். கல்யாணத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று ஆவுடையப்பன் நிம்மதியாகத் தூங்கினான்.

கல்யாணத்தன்று ஐயர் பொரியிட அண்ணனைக் கூப்பிட்டார். ஆளைக் காணோம். கோமதிக்கு அழுகையே வந்துவிட்டது. தேடிப்போன பூவலிங்கமும் உக்கிரபாண்டியும் சமையல்கட்டில், வாழை இலைக் கட்டுக்குப் பின்னால் பதுங்கியிருந்தவனைக் கண்டுபிடித்தார்கள்.

“அண்ணாச்சி, வெளிய வாங்க!” என்றான் பூவலிங்கம்.

“எப்படில வர? சித்தி இப்பத்தான் செல்போன்ல கோமதி படத்தைத் தொட்டுட்டாவ. என் கண்ணால பார்த்தேன். யாராவது ரெப்ரெஷ் பண்ணாத்தான் நான் வர முடியும்.”

உக்கிரபாண்டி ஓடிப்போய் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து அவன் தலையில் கவிழ்த்தான்.

ஆவுடையப்பன் சொட்டச் சொட்ட மணமேடை ஏறினான். தங்கையின் கையில் பொரியை அள்ளி வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டான்:

“எம்மா கோமதி, இப்ப நான் தெரியுதேனா?”