எரிக்கவென்று வாங்கிய புத்தகம்

புன்னைமுனைக்காரர்களுக்குக் கோபம் வந்தால் கடலே ஓர் அடி பின்வாங்கும் என்பார்கள். ஈஸ்டருக்கு முந்தைய அந்தத் தவசுகாலத்தில் அவர்களுக்குக் கோபம் வந்தது ஒரு கதைப் புத்தகத்தின் மேல்.

எழுதியவள் கித்தேரி. அந்த ஊரிலேயே பிறந்து, தூத்துக்குடியில் டீச்சராக இருப்பவள். வாரப் பத்திரிகையில் தொடராக வந்து, பஸ் ஸ்டாண்டு முதல் பியூட்டி பார்லர் வரை எல்லாரும் படித்து, புத்தகமாகவும் ஆகிவிட்டது. இயேசுவைச் சிலுவையில் அறைந்த மறுநாள், அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டு நாண்டுகொண்டு செத்த யூதாஸின் தாய் போக்கிடமில்லாமல் மாதாவின் வாசலில் வந்து நிற்கிறாள். மாதா அவளை உள்ளே கூப்பிட்டுக் கஞ்சி ஊற்றுகிறாள். கதை இவ்வளவுதான்.

"காட்டிக்கொடுத்தவனைப் பெத்தவளுக்கு மாதா கையால கஞ்சியா?" என்று ஊர் கொதித்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், சிலுவை நிற்கும் குருசடி முன்னால் புத்தகத்தைக் கொளுத்துவது என்று ஊர்க் கமிட்டி முடிவு செய்தது. கித்தேரி வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் இனி ஊருக்குள் கால் வைக்கக் கூடாது. பங்குச்சாமியார் அந்த வாரம் ஊரில் இல்லை. தடுத்துச் சொல்ல ஆளில்லை.

தீ வைக்கும் பொறுப்பை இன்னாசியிடம் கொடுத்தார்கள். தவசு முடிகிற பெரிய வாரத்தில் இயேசுவின் பாடுகளை ஊரே சேர்ந்து ஆடும் பாஸ்கா நாடகத்தில் வருஷா வருஷம் அவன்தான் இயேசு. தவசு முழுக்கக் கவிச்சி தொடமாட்டான், செருப்புப் போடமாட்டான். தோட்டத்துக் காட்சியில் இயேசுவைக் காப்பாற்றச் சீடன் பேதுரு வாளை உருவி, அவரைப் பிடிக்க வந்தவன் காதை அறுத்துவிடுவான். கீழே விழுந்த மெழுகுக் காதை இன்னாசி எடுத்து மறுபடி ஒட்டவைப்பதைப் பிள்ளைகள் மூச்சு விடாமல் பார்க்கும். போன வருஷம் காதைத் தலைகீழாக ஒட்டிவிட்டான். அதற்கும் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

சங்கடம் என்னவென்றால், கித்தேரி அவன் கூடப்பிறந்த தங்கச்சி.

கமிட்டியில் எல்லாரும் அவன் முகத்தையே பார்த்தார்கள். அவனும் ரோஷக்காரன், விடுவானா? எழுந்து நின்று கத்தினான்.

"மாதா யூதாஸைப் பாத்துக் கேட்டாங்களே, 'என் வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு என் புள்ளையையா வித்தே? இனி உன் முகத்துல முழிக்க மாட்டேன்'னு! வேதத்துலயே இருக்கு! அப்படிக் கேட்டவங்க அவன் ஆத்தாளுக்குக் கஞ்சி ஊத்துவாங்களா?"

கூட்டம் மொத்தமும் ஆமென் போட்டது.

அந்தச் சூட்டோடு கஸ்பார் அண்ணாவியாரைப் பார்க்கப் போனான். பாஸ்காவுக்குப் பாட்டும் வசனமும் சொல்லிக்கொடுத்து ஆட்டுவிப்பவர் அவர். இன்னாசியைவிட வயதில் இளையவர்தான், ஆனாலும் அவனுக்குக் குரு. துறைமுகத்தில் மீனுக்கு ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாவியாரே, மொதப் புத்தகத்தை நீங்கதான் தீயில போடணும்."

"படிச்சீராவே?"

"படிச்சாப் பாவம்லா!"

"எரிக்க எத்தனை சேந்திருக்கு?"

"ஒரு சாக்கு இருக்கும். எல்லாம் எரிக்கணும்னே கடையில வாங்கினது."

அண்ணாவியார் விழுந்து விழுந்து சிரித்தார். "உம்ம தங்கச்சிக்கு நல்ல யோகம்வே."

"விளையாடாதீங்க. ஆண்டவர் கதையில இல்லாததைச் சேக்கலாமா, கூடாதா? அதைச் சொல்லுங்க."

"கமிட்டியில மாதா பேசினதா ஒரு வசனம் சொன்னீராமே. அது வேதத்துல எந்த இடத்துல வருது?"

"நீங்க சொல்லிக்குடுத்ததுதானே!"

"நான் சொல்லிக்குடுத்ததுதான். வேதத்துல எங்க இருக்குன்னு பாத்துட்டு வாரும். மொதப் புத்தகத்தை நானே போடுதேன்."

இன்னாசி வீட்டுக்குப் போய் வேதத்தை விரித்தான். மத்தேயுவில் பார்த்தான், மாற்குவில் பார்த்தான், லூக்காவில் பார்த்தான், யோவானையும் விடவில்லை. மாதா யூதாஸோடு ஒரு வார்த்தை பேசியதாகவே எங்கும் இல்லை.  மறுநாள் சோறு தண்ணி இறங்காமல் அண்ணாவியார் முன்னால் போய் நின்றான்.

"இல்லையே அண்ணாவியாரே."

"எப்படி இருக்கும்? நான் எழுதினதுல்லா."

"நீங்களா!"

"மாதா ஒரு கேள்வி கேக்காம அவனை விட்டா, நம்ம ஊர்ப் பொம்பளைங்க என்னைச் சும்மா விடுவாளுகளா? எழுதினேன். அழுதாளுக. நீரும்தான் அழுதீரு."

"இத்தனை வருஷமா சொல்லலையே!"

"நீர் கேக்கலையே."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தது. குருசடி முன்னால் சாக்கைக் கவிழ்த்துக் கொட்டினார்கள். பாதிப் புத்தகம் கண்ணாடித்தாள்கூடப் பிரிக்காமல் கிடந்தது. கித்தேரி பஸ்ஸை விட்டு இறங்கி நேரே அந்தக் குவியல் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மன்னிப்புக் கேளு," என்றார் கமிட்டித் தலைவர் ரெபேல்.

"கேக்க மாட்டேன். மாதா கஞ்சி ஊத்தினாங்கன்னு எழுதினேன். விஷத்தை ஊத்தினாங்கன்னா எழுதினேன்?"

"வாய்க்கொழுப்பைப் பாரு!"

அவள் தலைவரை விட்டுவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நம்ம அப்பாவை நடுக்கடல்ல தவிக்க விட்டுட்டு வந்தவனோட ஆத்தா, அப்பா அடக்கத்தன்னைக்கு நம்ம வாசல்ல வந்து நின்னா. அம்மா என்ன செஞ்சாங்க? கஞ்சிச் சட்டி யார் கையில இருந்துச்சு?"

 இன்னாசி கையில்தான் இருந்தது. கொண்டுபோய்க் கொடுலே என்று அம்மா சொன்னதும், மாட்டேன் என்று அவன் அழுததும், பிறகு கொடுத்ததும் ஞாபகம் வந்தது.

அதற்குள் அண்ணாவியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கக்கத்தில் இருந்த பாஸ்கா வசன ஏட்டை எடுத்துக் குவியலின் உச்சியில் வைத்தார்.

பெண்கள் அலறினார்கள். "ஐயையோ அண்ணாவியாரே! அது நம்ம பாஸ்கால்லா! பெரிய வாரத்துல எதைப் பாத்து அழுவோம்?"

"ஆண்டவர் கதையில இல்லாததைச் சேத்தா எரிக்கணும்னு சொன்னீங்க. நானும் சேத்திருக்கேன். இன்னாசியைக் கேளுங்க, அவர் தேடிப் பாத்துட்டாரு."

ஊரே இன்னாசியைப் பார்த்தது. பொய் சொல்லிவிடலாம்தான். வாய் வரவில்லை.

"மாதா யூதாஸைக் கேட்ட கேள்வி வேதத்துல இல்லை," என்றான். "அண்ணாவியார் எழுதினது. தெரியாம வேதம்னு சொல்லிட்டேன்."

"அது வேற, இது வேற!" ரெபேல் எகிறினார். "பாஸ்கா பக்திக்கு ஆடுறது. இவ எழுதினது மாதாவைக் கேவலப்படுத்துறது."

"எந்தப் பக்கத்துல?" என்று கேட்டாள் கித்தேரி.

 ரெபேல் ஏட்டை எடுத்து அண்ணாவியார் கையில் திணித்துவிட்டு, தீப்பெட்டியை இன்னாசியிடம் நீட்டினார்.

"பத்த வையும். இல்லைன்னா இவ மட்டுமில்ல, நீரும் வெளிய. இந்த வருஷம் இயேசு வேஷத்துக்கு வேற ஆள் பாத்துக்கிடுதோம்."

இன்னாசி தீப்பெட்டியை வாங்கினான்.  தங்கச்சி அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றாள். அவள் மேல் அவனுக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அதை மறைக்கவும் அவனுக்குத் தெரியாது.

"அண்ணாவியாரே," என்றான். "நீங்க எழுதினது போகட்டும். இவ எழுதினது தப்புன்னே வைங்க. ஆண்டவரை ஒருத்தர் தப்பா எழுதினா, அவருக்காக நான் கையை ஓங்கக் கூடாதா?"

அண்ணாவியார் ஏட்டின் மேல் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டார்.

"தோட்டத்துல உமக்காகப் பேதுரு அறுத்த காதை எடுத்து ஒட்ட வைக்கீருல்லா," என்றார். "அந்தக் காட்சியை நான் எழுதலைவே."