புலியின் கழுத்து

செத்த விலங்கின் உடம்பில் வைக்கோலை அடைத்தால் பாடம் செய்த விலங்கு கிடைத்துவிடும் என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. இது பிழை. இந்தப் பிழையால் இதுவரை யாரும் உயிரிழந்ததாகத் தெரியவில்லை என்றாலும், திருத்தாமல் மேலே போவது முறையாகாது. அரண்மனைக் கூடத்தில் நிற்கும் புலியில் புலி என்று சொல்லத்தக்கது தோல், நகம், பல், கொஞ்சம் எலும்பு, அவ்வளவுதான். உள்ளே இருப்பது மரச்சட்டம், கம்பி, சணல், களிமண். கண் கண்ணாடி. நாக்கு மெழுகு. ஆகவே இந்த வேலைக்குத் தச்சு தெரிய வேண்டும். மண் பிசையத் தெரிய வேண்டும். தோல் பதனிடவும் தைக்கவும் வண்ணம் தீட்டவும் வர வேண்டும். எந்த மூட்டு எவ்வளவு மடங்கும், எந்தத் தசை எங்கே புடைக்கும் என்பது வைத்தியருக்குத் தெரிவதைவிட நன்றாகத் தெரிய வேண்டும்.

இத்தனையும் தெரிந்தவர் மாவடிப்பாறை ஜமீனில் தெய்வநாயகி ஒருவர்தான். அவருக்கு வயது முப்பத்திரண்டு. அவருடைய சீடர் சவரிமுத்துவுக்கு நாற்பத்தெட்டு. சீடர் குருவைவிட இளையவராகத்தான் இருப்பார் என்பது இன்னொரு பிழையான நம்பிக்கை. அதையும் இப்போதே திருத்தியாயிற்று.

சவரிமுத்து முன்பு தையல்காரர். ஜமீன்தாருக்குக் கோட்டு தைத்துக்கொண்டிருந்தார். ஒரு கோட்டு வயிற்றில் பிடித்தது. பிடித்ததற்குக் காரணம் வயிறுதான் என்று சவரிமுத்து சொல்லவில்லை. ஆனால் மனதில் நினைத்தது முகத்தில் தெரிந்துவிட்டது. அத்துடன் அரண்மனை வேலை போயிற்று. அதற்குமேல் எதுவும் போகாததே அந்தோணியார் புண்ணியம் என்று அவர் நம்பினார். நம்பக் காரணமும் இருந்தது.

இப்போது தெய்வநாயகி இருக்கும் பட்டறையில் முன்பு அரண்மனைக்குப் பாடம் செய்துகொடுத்தவர் எசக்கி. அவர் ஒரு கரடியின் தோலை உரித்தபோது குண்டு முதுகில் பாய்ந்திருப்பதைக் கண்டு, அதைக் கடைத்தெருவில் சொன்னார். மறுவாரம் ஜமீன்தார் அவரைக் காட்டுக்கு அழைத்துப் போனார், கரடியை முன்பக்கமாகவும் ஒருமுறை பார்க்கட்டும் என்று. ஜமீன்தார் திரும்பி வந்தார்.

புலி ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மாட்டு வண்டியில் வந்தது. கூடவே மானேஜர் வெங்கோபா ராவ் வந்தார்.

"எஜமான் மேல பாய்ஞ்சது. நேருக்கு நேர். பத்தடியில சுட்டார். பாயற மாதிரியே நிக்கணும். அடுத்த மாசக் கடைசியில கலெக்டர் துரை வந்து திரை விலக்கப் போறார்."

"நிக்கும்" என்றார் தெய்வநாயகி.

"பாயணும்."

"பாயும்."

தெய்வநாயகி உரிப்பதற்கு முன்பு கயிற்றால் அளந்தார். மூக்கிலிருந்து கண், கண்ணிலிருந்து காது, காதிலிருந்து தோள். அளவுக்கு ஒரு முடிச்சு. அளக்காமல் உரித்தால் உப்பில் சுருங்கிய தோலைத் திரும்ப எவ்வளவு இழுப்பது என்று தெரியாது. புலி பூனையாகும், அல்லது கழுதையாகும்.

தோலைக் கழுவும் வேலை சவரிமுத்துவுடையது. மயிர்ப்பக்கத்தை விரலால் கோதி இரத்தத்தைக் கரைத்துக்கொண்டே வந்தவர், கழுத்தில் நின்றார். ஒரு விரல் அகலத்துக்கு மயிர் தேய்ந்து, அடியில் தோல் தடித்து வெளுத்திருந்தது. விரலை ஓட்டினார். தாடைக்குக் கீழே போய், மறுபக்கம் ஏறி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது.

இப்படி ஒரு வளையத்தை அவர் தன் வீட்டு நாயின் கழுத்தில் பார்த்திருந்தார்.

போன மாதம் ஊருக்கு வெளியே சர்க்கஸ் கூடாரம் போட்டிருந்தார்கள். இரண்டு புலிகள் வளையத்துக்குள் தாவின. கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போனபோது ஒரு கூண்டு காலியாகப் போனது. ஊரே வேடிக்கை பார்த்தது. யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

சவரிமுத்துவுக்கு உள்ளங்கை வியர்த்தது. தொட்டித் தண்ணீரில் இருந்த கை வியர்ப்பது அவருக்கே தெரிந்தது.

"ஆசிரியம்மா."

"சொல்லுங்க டெய்லரே."

"இங்க பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். "பார்த்தேன்."

"சங்கிலித் தழும்பும்மா. கட்டிப்போட்டுச் சுட்டிருக்காரு."

"உப்பை எடுங்க."

"இந்த வேலைக்கு என்னென்ன தெரிஞ்சிருக்கணும்னு முதல் நாளே ஒரு பட்டியல் சொன்னீங்க. தெரியக் கூடாதது தெரிஞ்சுபோனா என்ன செய்யறதுன்னு அதுல இல்லையே."

தெய்வநாயகி உப்பை அள்ளித் தோலின் உட்புறம் தேய்க்க ஆரம்பித்தார். "ஓரத்துல நல்லாத் தேய்ங்க. இல்லாட்டி மயிர் கொட்டிரும்."

அன்றிலிருந்து சவரிமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. பட்டறைக்கு எதிரில் ஒரு ஆள் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். அவன் வெறுமனே வெற்றிலை போடுகிறவனாகவும் இருக்கலாம். ஆனால் மறுநாளும் நின்றான். அதற்கு மறுநாள் ஸ்டூல் கொண்டுவந்து உட்கார்ந்தான். குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டபோதெல்லாம் சவரிமுத்து தோலை மடித்துக் கழுத்தை உள்ளே வைத்தார். எசக்கியின் செருப்பு இன்னும் பட்டறை மூலையில் கிடந்தது. அதை எடுத்துப் போடலாம் என்று ஒருநாள் கை நீட்டி, பிறகு நீட்டிய கையால் தன் முழங்காலைச் சொறிந்துகொண்டார்.

தோல் பதமாகி, சட்டமும் களிமண் உடலும் தயாராகி, தோலை மேலே போர்த்திய பிறகு, ஒரு பகலில் தெய்வநாயகி பார்சலில் வந்த கண்ணாடிக் கண்களை வாங்க ரயிலடிக்குப் போனார். சவரிமுத்து தனியாக இருந்தார். பயந்த தையல்காரன் என்ன செய்வானோ அதைச் செய்தார். துணியில் கறை இருந்தால் அதை மடிப்புக்குள் தள்ளித் தைப்பார்கள். அவர் வளையத்தை உட்பக்கமாக மடித்து, வரியோடு வரி சேர்த்து, மயிர் மறைக்கும்படி நுணுக்கமாகத் தைத்தார். வாழ்நாளில் அதைவிட நல்ல தையல் அவர் போட்டதில்லை. ஜமீன்தாரின் எந்தக் கோட்டுக்கும் இல்லை.

தெய்வநாயகி திரும்பி வந்து புலியைச் சுற்றி வந்தார். முடிச்சுக் கயிற்றை எடுத்துக் காதுக்கும் தோளுக்கும் பிடித்தார்.

"ரெண்டு விரல் குறையுது."

அவர் தையலை விரலால் தடவிப் பார்த்தார்.

"நல்ல தையல்" என்றார். "பிரிங்க."

"அதைப் பார்த்தா நம்மளைக் கொன்னுருவாரும்மா."

"பார்க்கலைன்னா?"

"தப்பிச்சிருவோம்."

"அது அங்க இருந்ததுன்னு அவருக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"இருந்த இடத்துல இல்லைன்னா, எடுத்தது யாருன்னு யோசிப்பாரா, மாட்டாரா?"

"அப்ப இருந்தா மட்டும் நல்லதா?"

"பிரிங்க டெய்லரே. நூல் மயிரோட வராம மெதுவா."

அவர் பிரித்தார். நான்கு தடவை ஊசி குத்தியது. வளையம் திரும்ப வெளியே வந்தது. முன்பைவிடத் தெளிவாக இருப்பதாக அவருக்குத் தோன்றியது.

கலெக்டர் வருவதற்கு நாலு நாள் முன்பு ஜமீன்தார் பட்டறைக்கே வந்துவிட்டார். மானேஜரும் அக்கம்பக்கத்து மிராசுதார்கள் மூன்று பேரும் கூட வந்தார்கள். எதிர்ப்பக்க ஸ்டூலில் இருந்த ஆள் எழுந்து நின்று வாயைத் துடைத்துக்கொண்டான்.

புலி பின்னங்கால்களை ஊன்றி முன்னால் பாய்ந்துகொண்டிருந்தது. ஒரு மிராசுதார் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இதையா நேருக்கு நேர் சுட்டீங்க?" என்றார் இன்னொருவர்.

"பத்தடி" என்றார் ஜமீன்தார். "கண் ரெப்பை கொட்ட நேரமில்லை."

அவர் புலியை ஒரு சுற்று வந்தார். வாலைப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். பிறகு கழுத்துக்கு வந்து நின்றார். அவருடைய விரல் மெதுவாக உயர்ந்து வளையத்தில் பதிந்தது. தாடைக்குக் கீழே போய், மறுபக்கம் ஏறி, புறப்பட்ட இடத்துக்கே வந்தது. சவரிமுத்துவுக்கு அது தன் கழுத்தில் ஓடியது போலிருந்தது.

"இதென்ன?"

"எது எஜமான்?" என்றார் தெய்வநாயகி.

"இது. கழுத்துல."

மிராசுதார்கள் மூவரும் கழுத்தைப் பார்த்தார்கள்.

"தோல்ல இருந்தது, எஜமான். வந்தது வந்தபடி வச்சிருக்கேன்."

"நல்லா இல்லையே." ஜமீன்தார் அவரைப் பார்க்கவில்லை. சவரிமுத்துவைப் பார்த்தார். வயிற்றில் பிடித்த கோட்டை அணிந்து பார்த்த நாளில் பார்த்த அதே பார்வை. "ஏன் டெய்லர், உனக்கு என்னன்னு தோணுது?"

சவரிமுத்துவின் வாய் திறந்தது. மானேஜர் ராவ் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

தெய்வநாயகி தூரிகையைத் துணியில் துடைத்தபடி முன்னால் வந்தார். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"அவருக்கு என்ன தெரியும் எஜமான்? எனக்கும் தெரியலை. நாங்க ரெண்டு பேரும் காட்டுல புலியை உயிரோட பார்த்ததில்லை. எஜமான்தான் பத்தடியில பார்த்தவங்க. இது என்னன்னு இவங்க முன்னால ஒரு வார்த்தை சொல்லுங்க. இப்பவே எடுத்துடறேன்."

மிராசுதார்கள் கழுத்திலிருந்து கண்ணை எடுத்து ஜமீன்தாரின் முகத்தைப் பார்த்தார்கள்.

"இருக்கட்டும்" என்றார் ஜமீன்தார்.

கலெக்டர் திரை விலக்கியபோது புலி கழுத்தில் சாமந்தி மாலையோடு பாய்ந்துகொண்டிருந்தது. அரண்மனைத் தோட்டக்காரர் தினமும் காலையில் புது மாலை கட்டிக் கொண்டுவருகிறார். புதியதைப் போட்ட பிறகுதான் பழையதை எடுக்கிறார்.