மைனா சொன்ன 'சரி'

குளத்தங்கரையில் ஒரே கூட்டம்! யானை, மான், முயல், தவளை என்று காடே திரண்டு வந்திருந்தது. எல்லாம் அந்த ஜீப்புகளால் வந்த வினை.

காட்டுச் சாலையில் சுற்றுலா ஜீப்புகள் தலைதெறிக்க ஓடின. சாலையோரப் புல்லில்தான் மான்குட்டிகள் தூங்கும். முந்தின வாரம் ஒரு குட்டி மயிரிழையில் தப்பியது. போன வருஷமே ஒரு குரங்கு இங்கிலீஷில் பலகை எழுதி வைத்துப் பார்த்தது. அதில் எங்கே பார்த்தாலும் பிழை! வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், பலகையோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள், முன்னைவிட வேகமாகப் போனார்கள்.

"இந்தத் தடவை ஒரு பிழைகூட இருக்கக் கூடாது!" என்றது பெரியநாயகி யானை.

மணிமொழி மைனா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டது. பின்னே? அடிவாரத்து டியூஷன் சென்டர் ஜன்னலுக்கு மேலே கூடு கட்டிக் குடியிருந்த மைனா அது. இங்கிலீஷ் இலக்கணம் அதற்குத் தண்ணி பட்ட பாடு. அதை விட்டால் இந்தக் காட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

"எழுதப் போறது நம்ம சடையன்!" என்றது யானை.

சடையன் ஒரு முள்ளம்பன்றி. உதிர்ந்த தன் முள்ளையே பேனாவாகப் பிடித்து, நாவல்பழச் சாற்றில் தொட்டு எழுதும். எழுத்து அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். மைனாவின் கையெழுத்தோ சுத்தக் கோழிக் கிறுக்கல்! காடே அறிந்த சங்கதி அது. பொறாமை வந்த கண்ணுக்கு அதெல்லாம் தெரியுமா?

"கிழங்கு தோண்டுற பயலுக்கு இங்கிலீஷ் ஒரு கேடா!" என்று முணுமுணுத்தது மைனா. வயிறு அப்படி எரிந்தது அதற்கு.

அந்தக் குளத்தங்கரையில் ஒரு வழக்கம் உண்டு. யார் எதைச் செய்தாலும், இன்னொருவர் அதைப் பார்த்துச் 'சரி' சொல்ல வேண்டும். தூக்கணாங்குருவி கூடு கட்டினால், பக்கத்துக் குருவி அதில் தொங்கிப் பார்த்துச் 'சரி' சொல்லும். அப்புறம் கூடு அறுந்து விழுந்தால் கட்டினவரை யாரும் கேட்க மாட்டார்கள். 'சரி' சொன்னவரைத்தான் பிடிப்பார்கள்.

சாயங்காலம் சடையன் பலகையை இழுத்துக்கொண்டு, குளத்தங்கரையில் உட்கார்ந்திருந்த மைனாவிடம் வந்தது.

"மணிமொழி அக்கா! இங்கிலீஷ்ல உங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா? கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க. இந்தாங்க, எழுதினது போக மிச்சம் நாவல்பழம். உங்களுக்குன்னுதான் எடுத்து வச்சேன்."

மைனா பழத்தைக் கொத்திக்கொண்டே பலகையைப் பார்த்தது.

The fawns are sleeping, please drive slowly.

குட்டிகள் தூங்குகின்றன, மெதுவாக ஓட்டுங்கள். அவ்வளவுதான் விஷயம். பார்த்த மாத்திரத்தில் மைனாவுக்குப் பிழை பிடிபட்டுவிட்டது. குட்டிகள் தூங்குகின்றன என்பது ஒரு முழு வாக்கியம். மெதுவாக ஓட்டுங்கள் என்பதும் ஒரு முழு வாக்கியம். தமிழில் இப்படி எழுதினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். இங்கிலீஷில் இரண்டு முழு வாக்கியங்களை வெறும் கமாவால் ஒட்ட முடியாது. நடுவில் ஃபுல்ஸ்டாப் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கமாவுக்குப் பின்னால் so என்று ஒரு இணைப்புச் சொல்லாவது போட வேண்டும். டியூஷன் சென்டர் டீச்சர் இந்தத் தப்புக்காக எத்தனை பிள்ளைகளின் காதைத் திருகியிருக்கிறார்!

சொல்ல வாயைத் திறந்த மைனா, சட்டென்று மூடிக்கொண்டது.

'இப்பச் சொன்னா திருத்திடுவான். நாளைக்கு எல்லாரும் அவனைத் தலையில தூக்கி வச்சு ஆடுவாங்க. அதையே நாளைக்கு எல்லார் முன்னாடியும் சொன்னா?' நாவல்பழத்தைவிட அந்த நினைப்பு இனித்தது.

"சரியா இருக்கு சடையா! முத்து முத்தா எழுதியிருக்கே!"

"நெசமாவா அக்கா? நீங்க 'சரி'ன்னு சொன்னாப் போதும், எனக்கு வேற பயமே இல்லை!" சடையன் முள் குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டு போனது.

மறுநாள் காலை குளத்தங்கரையில் மறுபடியும் கூட்டம். யானை பலகையைத் தும்பிக்கையால் தூக்கிப் பிடித்தது. சடையன் கூச்சத்தோடு முன்னால் வந்தது.

"எல்லாருக்கும் வணக்கம். இதைப் பார்த்துக் கொடுத்தது நம்ம..."

"நிறுத்துங்க!" மைனா பறந்து வந்து பலகை மேலேயே உட்கார்ந்தது. "தப்பு! தப்பு! இதுவும் முழு வாக்கியம், அதுவும் முழு வாக்கியம், நடுவுல வெறும் கமா! ஜீப்புக்காரங்க மறுபடியும் சிரிக்கப் போறாங்க! வேலையைத் தெரிஞ்சவங்ககிட்ட கொடுத்திருந்தா இந்த அசிங்கம் வருமா?"

சடையனின் முகம் சுண்டிவிட்டது. மைனாவுக்கோ உச்சி குளிர்ந்தது!

யானை நிதானமாகக் கேட்டது. "இதைப் பார்த்து 'சரி' சொன்னது யாரு?"

சடையன் மைனாவைப் பார்த்தது. பிறகு தரையைப் பார்த்தது. "என் தப்புதான் பெரியம்மா. வேற யாரையும் கேக்காதீங்க" என்றது.

"அது எப்படி உன் தப்பாகும்?" குளத்திலிருந்து தவளை தலையை நீட்டியது. "நேத்து சாயங்காலம் நான் இங்கேதானே மிதந்துகிட்டு இருந்தேன்! மணிமொழி அக்காதான் 'சரியா இருக்கு, முத்து முத்தா இருக்கு'ன்னு சொன்னாங்க! உன் பழத்தைக்கூடத் தின்னாங்களே!"

யானை மைனாவின் பக்கம் திரும்பியது. "மணிமொழி, நேத்தே இந்தத் தப்பு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

தெரியாது என்றால், இத்தனை நாள் கட்டிக் காத்த இங்கிலீஷ் பெருமை போச்சு. தெரியும் என்றால் மானம் போச்சு. மைனா திருதிருவென்று விழித்தது.

"தெரியும்..." என்றது கடைசியில்.

"தெரிஞ்சுமா சொல்லலை?" தாய்மான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தது. "தவளை இல்லைன்னா உங்க சங்கதியே வெளியே வந்திருக்காது. நீங்க ஜெயிக்கணும்னு எங்களை இப்படிப் பதற விட்டீங்களே! அந்தப் புல்லுல தூங்குறது என் குட்டி அக்கா!"

மைனா குனிந்து, கமாவின் வாலை அலகால் சுரண்டி எடுத்தது. மேலே இருந்த புள்ளி ஃபுல்ஸ்டாப்பாக நின்றது. அடுத்த எழுத்தைச் சடையன் பெரிய எழுத்தாக மாற்றியது. அவ்வளவுதான் வேலை! நேற்றே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

பலகை சாலையோரம் ஏறியது. முதல் ஜீப் வந்தது. உள்ளே இருந்தவர்கள் படித்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. வண்டி ஊர்ந்து போனது, குட்டி புரண்டுகூடப் படுக்கவில்லை.

அதற்குப் பிறகும் காட்டில் பலகைகள் எழுதினார்கள், கூடுகள் கட்டினார்கள். 'சரி' கேட்க வருகிறவர்கள் எல்லாம் மைனாவின் மரத்தைத் தாண்டி, சடையனின் வளைக்குத்தான் போனார்கள். "நான் பார்க்கட்டுமா? நான் பார்க்கட்டுமா?" என்று மைனா கிளையிலிருந்து கத்திக்கொண்டே இருந்தது. ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அடுத்தவர் பிழையை உடனே சொல்லித் திருத்தாமல், அவரை அவமானப்படுத்தப் பதுக்கி வைப்பவரின் படிப்பை யாரும் நம்ப மாட்டார்கள்.