கல்லாற்றில் கழன்ற போல்ட்

கணக்குப் பேராசிரியர் ஞானசிகாமணி தன் கல்யாணப் பந்தியிலேயே ஜாங்கிரியின் விட்டத்தை அளந்தவர் என்பார்கள். ஓய்வு பெற்றதும் வெள்ளைக்காரன் காலத்துக் கார் ஒன்றை வாங்கினார். அதைப் பழுது பார்க்க மேட்டுப்பாளையம் மெக்கானிக் மரகதத்திடம் சிஷ்யராகச் சேர்ந்தார். குருவுக்கு வயது முப்பத்துநாலு, சிஷ்யருக்கு அறுபத்தொன்று.

முதல் நாளே கேட்டார்: “அம்மணி, இந்த வண்டி போல்ட் எல்லாம் அங்குலமா, மில்லிமீட்டரா?”

“ஓட்டிப் பாப்போங்க சார்.”

மூன்று மாதம் கழித்து குன்னூர் மலையேறக் கிளம்பினார்கள். பின்னால் புதுக் காரில் மச்சினன் செங்கோடன், ஒரு கயிற்றுச் சுருளோடு.

“ஏறலைன்னா நேரா பழைய இரும்புக் கடைதான் மச்சான்.”

சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் பேராசிரியர் அதற்கு ஒப்புக்கொண்டிருந்தார்.

மலையடிவாரக் கல்லாற்றிலேயே, ரேடியேட்டர் விசிறியைப் பிடித்திருந்த இரண்டு போல்ட்டில் ஒன்று கழன்று விழுந்தது.

“கயிறு கட்டட்டுங்களா?” செங்கோடன் அதற்குள் இறங்கிவிட்டான்.

பேராசிரியர் மிச்சமிருந்த போல்ட்டை அளந்தார். “ஏழு புள்ளி ஒன்பது. எட்டு மில்லிதான் அம்மணி.”

எட்டு மில்லி போல்ட் இரண்டு சுற்று போய் முரண்டு பிடித்தது. இருப்பதிலேயே நீளமான ஸ்பேனரை எடுத்தார். மரகதம் அதைப் பிடுங்கிக்கொண்டாள். மிச்சமிருந்த போல்ட்டைக் கழற்றி, அவருடையதோடு மரையும் மரையும் பொருந்த ஒட்டி, வானத்தைப் பார்க்கப் பிடித்தாள்.

“என்னங்க தெரியுது?”

“நடுவுல வெளிச்சம்.”

போல்ட் டப்பாவை அவரிடம் தள்ளினாள். ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்த்தார். ஏழாவதில் வெளிச்சம் அடைபட்டுப்போனது. அது விரலாலேயே கடைசி வரை இறங்கியது. கழற்றியதையும் திரும்ப மாட்டினார்.

“அங்குல மரை. அப்ப மொத்த வண்டியும் அங்குலம்தான் அம்மணி.”

“அப்படிங்களா. கீழ ரேடியேட்டரைப் பிடிச்சிருக்கற போல்ட்டையும் இறுக்கிருங்க.”

கீழே அரை அங்குல ஸ்பேனர் நுழையவே மறுத்தது. பதிமூன்று மில்லி கச்சிதமாக உட்கார்ந்தது. பேராசிரியர் அதை வைத்தே இறுக்கினார்.

பிறகு ஏறியது பாருங்கள் அந்த வண்டி. வளைவுக்கு வளைவு குரங்குகள் எழுந்து நின்று வழிவிட்டன. பாதி மலையில் செங்கோடனின் புதுக் கார்தான் கொதித்துப்போய் நின்றது. அவன் கயிற்றாலேயே அதைக் கட்டி, கிழட்டு வண்டி குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்குள் இழுத்துக்கொண்டு நுழைந்தது. டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸோடு எழுந்து வந்து பார்த்தார்கள்.

செங்கோடன் முடிச்சை அவிழ்த்தபடி, “உள்ளதைச் சொல்லுங்க மச்சான். இது அங்குல வண்டியா, மில்லி வண்டியா?” என்றான்.

பேராசிரியர் குருவின் முகத்தைப் பார்த்தார்.

மரகதம் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: “எந்த போல்ட்டைக் கேக்கறீங்க?”